ஆறு கருங்கோழிகளும் பாண்டான் வாசமும்

மச்சான்,

இன்று காலை உன் மகள் வீட்டு அடுப்படியில் கால் வைத்ததும் சோற்றில் போடும் பாண்டான் இலை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று அண்ணாந்து மேலே பார்த்தேன். உன் மகள் கரண்டியும் கையுமாகச் சிரித்தாள்.

"மாமா, வாசம் பானையிலேருந்து வருது. மேல ஒண்ணும் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு உன் ஞாபகம். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம் என்று நான் சொல்வேன், நீ ஆமாம் போடுவாய். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆமாம் போட ஆளில்லாமல் நான் கதை சொல்வது இதுதான் முதல் தடவை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். நீ கிள்ளான் ரயிலில் கரி அள்ளிப் போடுகிறவன், நான் தண்டவாள வேலைக்காரன். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் கிடக்கும் தண்டவாளத்தில் பாதி என் தோளில் ஏறி இறங்கியதுதான். மீதியை மற்ற நாற்பது பேரும் தூக்கினார்கள்.

தங்கச்சிக்கு, அதான் உன் வீட்டுக்காரிக்கு, அது மூன்றாவது வயிறு. முதல் இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன. இரண்டாவதன்போது அவளே சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். மருத்துவச்சி உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "பெத்த ஒடனே கருங்கோழிச் சாறு எறங்கணும். இல்லாட்டி இந்தத் தடவ ஒடம்பு தாங்காது." மறுநாளே நீ சாலாக் செலாத்தானுக்குப் போய், ஒரு சீனத் தோட்டக்காரருக்கு வண்டிச் சக்கரம் சரி செய்து கொடுத்து, ஆறு கருங்கோழிக் குஞ்சுகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. கரி வண்டியிலிருந்து வந்த உனக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அவை பெட்டையாக வளர்ந்து நின்ற நேரம் ஒரு விடியலில் ஐந்துதான் இருந்தன. கூட்டுக்கு வெளியே கொஞ்சம் இறகு. லயமே கூடிவிட்டது. நான் குனிந்து மண்ணைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, நரி என்று சொன்னேன். பிறகென்ன, நரியைப் பற்றித் தெரிந்தவன் இந்த மலாயாவிலேயே நான் ஒருத்தன்தானே. சேலம் பக்கத்தில் நான் இருந்தவரை எந்த நரியும் என் தெருவில் ஊளையிட்டது கிடையாது.

"நரி பள்ளம் தோண்டிக் கீழாலதான் வரும்" என்றேன். கூட்டைச் சுற்றி இடுப்பளவு பள்ளம் வெட்டினேன். சரி, முழங்கால் அளவு. அதில் தண்டவாளத்து ஜல்லியைக் கொட்டினேன். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைகளை நட்டுச் சுவர் எழுப்பினேன். யானை வந்து முட்டினாலும் அசையாது. கூரைக்கு மட்டும் இருந்த அத்தாப்பு ஓலையையே விட்டுவிட்டேன். நரிக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம்?

நீ வேலைக்குக் கிளம்பும்போது கூட்டைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாய். "கோட்டை மாதிரி இருக்கு மச்சான். உன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்." அன்று என் நெஞ்சு இருந்த அகலத்துக்குச் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன.

அடுத்த விடியலில் நான்கு. அதற்கடுத்து மூன்று. ஜல்லி போட்டது போட்டபடி கிடந்தது, ஒரு கல்கூட நகரவில்லை. நான் விடுவேனா? "இது மலாயா நரி. தாண்டுற சாதி" என்று அடித்துச் சொல்லிச் சுவரை இன்னும் ஒரு முழம் உயர்த்தினேன். மறுநாள் இரண்டு.

பிள்ளைப் பேற்றுக்கு நாள் நெருங்கிவிட்டது. தங்கச்சி என்னைத் திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து கூட்டையே பார்த்தாள். "அண்ணே, இந்த ரெண்டாவது மிஞ்சுமா?" நான் எழுந்துபோய் ஜல்லியை மறுபடி மிதித்து இறுக்கினேன்.

அந்த மத்தியானம் அவளே எனக்குச் சோறு கொண்டுவந்தாள். என் வாசலுக்கு வந்தவள் உள்ளே வராமல் மூக்கைச் சுளித்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி மூக்கு.

"பாண்டான் போட்டுச் சமைக்கிறீங்களா அண்ணே?"

"நான் வெறும் கஞ்சிதானே தங்கச்சி குடிக்கிறேன். இந்த வாசம் உன் வீட்லேருந்துதானே வருது? நல்லா சமைக்கிறேன்னு நெனச்சேன்."

"நாங்க பாண்டானே போடறதில்லயே."

நீ அப்போதுதான் வேலை முடிந்து கரி முகத்தோடு வந்து நின்றாய். இரண்டு பேச்சையும் கேட்டாய். நேராக என் அறைக்குள் போய், என் படுக்கைக்கு நேர் மேலே, பலகை மச்சைப் பார்த்தாய். பலகை இடுக்கில் ஒரு கறுப்பு இறகு தொங்கிக்கொண்டிருந்தது.

உன் தோளில் நான் ஏறினேன். பலகையைத் தள்ளித் தலையை உள்ளே விட்டேன். இறகும் எலும்புமாகக் கிடக்க, நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது ஒரு மரநாய். மலாய்க்காரர்கள் முசாங் என்பார்களே, உடம்பிலேயே பாண்டான் மணக்கும், அது. ராத்திரி மரத்தில் ஏறி, கூட்டின் அத்தாப்பைப் பிரித்து மேலாக இறங்கிக் கோழியைத் தூக்கிக்கொண்டு, பகலெல்லாம் காவல்காரன் தலைக்கு மேல் படுத்துத் தூங்கியிருக்கிறது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். யார் முதலில் கத்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் மணிக்கட்டைக் கீறிவிட்டு ஓட்டு இடுக்கு வழியாக ரம்புத்தான் மரத்துக்குத் தாவியது. நான் உன் மேலேயே விழுந்தேன்.

நீ எழுந்து அந்த எலும்புகளைப் பார்த்தாய். உன் வாயிலிருந்து என்ன வருமோ என்று உன் முகத்தையே பார்த்தேன்.

"ஒரு தடவ அண்ணாந்து பாத்திருக்கலாம்லா மச்சான்." அவ்வளவுதான்.

வெளியே சத்தம் கேட்டு லயமே நின்றது. நீ வாசலுக்குப் போனாய். "புலிக்குட்டி மாதிரி இருந்துச்சு. மரத்துலேருந்து கூரையில எறங்குச்சு. மச்சான் வெறுங்கையால புடிச்சு வீசுனான். நானும் பாத்தேன்." என் மச்சில் அது குடியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கே ஓட்டை எல்லாம் அடைத்தோம். கூரையைத் தொட்ட ரம்புத்தான் கிளையை வெட்டி, அடிமரத்தைச் சுற்றித் தகரம் கட்டினோம். கூட்டின் தலையில் நீ பழைய கொதிகலன் தகரத்தைப் போட்டு ஆணியடித்தாய். மறுநாள் தகரமெல்லாம் நகக் கீறல். உள்ளே இரண்டும் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ஆறாம் நாள் உன் மகள் பிறந்தாள். தங்கச்சி சாற்றைக் குடித்தாள், எழுந்து நடந்தாள். குழந்தை அழுத அழுகையில் கிள்ளான் ரயில் நின்றுவிட்டது. ரயில் நின்றது சிக்னலுக்காக என்று நீ சொன்னால் நான் கேட்க மாட்டேன்.

அன்று முதல் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன். அது நீ கொடுத்த வழக்கம்.

இன்று சோறு பரிமாறும்போது உன் மகள் மெதுவாகக் கேட்டாள். "அது உங்க படுக்கைக்கு மேலதானே மாமா கெடந்துச்சு?"

உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். "அப்பா சொன்னாரா?"

"அம்மா சொன்னாங்க. வெளியே மூச்சு வுடக்கூடாதுன்னு அப்பா கையில அடிச்சு சத்தியம் வாங்கினாராம்."

அந்த நேரம் அவள் புருஷன் வேலை விட்டு வந்தான். என் கைத் தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்டான். விட முடியுமா? ஆரம்பித்தேன். கன்றுக்குட்டி அளவு மிருகம், பல் ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம், வெறுங்கையால் பிடித்து வீசினேன். அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் நிறுத்திப் பக்கத்தில் பார்த்தேன். நீ பேச வேண்டிய இடம் அது.

அடுப்படியிலிருந்து உன் மகள் குரல் வந்தது. "ஆமா, நானும் பாத்தேன்."

"நீ அப்ப பொறக்கவே இல்லியே" என்றான் அவள் புருஷன்.

"வயித்துல இருந்தேன்ல" என்றாள்.