கவுனில் ஒரு துண்டு குறைகிறது

பழைய வக்கீல் கவுனைத் தைக்கக் கொடுக்கலாம் என்று இன்று காலை அலமாரியிலிருந்து எடுத்தேன். கீழ் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குத் துணி இல்லை. கத்தரித்த இடத்தை விரல் தொட்டதும் மருத்துவமனையின் ஸ்பிரிட் வாடையும் உன் குரலும் ஒன்றாக வந்தன. கவுனை மடித்து வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி நடத்திய உனக்கு, புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததிலிருந்து வலியைவிட இருட்டே பெரிய தொல்லையாக இருந்தது. கண்ணை மூடினால் யாரோ மேலே மூடி போட்டு அழுத்துவதுபோல இருக்கிறது என்பாய். டியூப் லைட்டை அணைக்கவிடாமல் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தாய். தூக்க மாத்திரை உடம்பைச் சாய்த்தது, பயத்தைச் சாய்க்கவில்லை.

வெளிநாடுகளில் சாவை நெருங்கியவர்களுக்கு ஒருவகைக் காளானின் சத்தைக் கொடுத்து, மருத்துவர் பக்கத்திலேயே அமர்ந்து, அச்சத்தைக் குறைக்க முயல்வதை நீ கைபேசியில் பார்த்தாய். உன் மனநல மருத்துவரிடம் கேட்டாய். ஆராய்ச்சி நடப்பது உண்மை, இங்கே கொடுக்க அனுமதி இல்லை என்று அவர் சொன்னார். நீ விடவில்லை. மலைப்பக்கமிருந்து காளான் கொண்டுவர ஓர் ஆளைப் பிடித்தாய். நீ அதைத் தின்னும்போது மருத்துவர் தன் கிளினிக்கில் உடனிருந்தால் போதும் என்று மன்றாடினாய். அந்த அம்மையார் உன் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். அந்தத் தயக்கத்தைச் சம்மதமாக்கத்தான் முத்திரைத்தாளும் கையுமாக விழுப்புரம் நீதிமன்றத்துக்கு வந்தாய்.

“இன்னா ஆனாலும் நானே பொறுப்புன்னு எழுதிடு வக்கீலே. கையெழுத்த போட்டுட்டுப் போய்க்கினே இருக்கேன்.”

அந்தப் பொருளை வைத்திருப்பதும் உட்கொள்வதும் மட்டுமல்ல, தெரிந்தே அதற்கு இடம் கொடுப்பதும் குற்றம் என்று விளக்கினேன். குற்றத்துக்கு எழுதித் தரும் ஒப்புதல் யாருக்கும் பாதுகாப்பாகாது, ஆதாரமாகத்தான் ஆகும் என்றும் சொன்னேன்.

“சாவப் போறவன எந்த ஜெயில்ல போடுவாங்க?”

“உன்னைப் போடமாட்டாங்க. அந்தம்மாவப் போடுவாங்க.”

நீ முத்திரைத்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாய். அதன்பின் அந்தக் காளானைப் பற்றி நீ ஒருபோதும் பேசவில்லை. ஆனால் படியிறங்கும்போது திரும்பி நின்று, “முடியாதுன்னு சொல்றதுக்குச் செவுரே போதும். நீ வக்கீலாச்சே, வழி சொல்லு” என்றாய்.

அன்று மாலையே உன் மனநல மருத்துவரிடம் பேசினேன். அவர் கெட்டமைன் என்ற மருந்தைச் சொன்னார். அதுவும் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதுதான். ஆயினும் மயக்க மருந்தாக மருத்துவமனைகளில் முறைப்படி புழங்குவது. மயக்கவியல் மருத்துவர் உடனிருக்க, குறைந்த அளவில், மனச்சோர்வுக்கு அதைக் கொடுக்கும் மருத்துவமனை ஒன்று விழுப்புரத்திலேயே இருந்தது. காளானுக்கு இது ஈடல்ல, பலன் சில நாளே நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். நீ ஒத்துக்கொண்டாய்.

மருந்து ஏறும்போது கண்ணை மறைக்க ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். கடையில் விற்பதை நீ தொடவில்லை. “உன் பழைய கவுன்ல ஒரு கிழி குடு. இத்தினி வருசம் கோர்ட்டு கண்ணையே கட்டுச்சு, என் கண்ணையும் கட்டட்டும்.” உன் மனைவி அதில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தார், சிரிப்பும் அழுகையுமாக. உடனிருக்க ஒருவர் வேண்டும் என்றபோது என்னைக் கேட்டாய். மனைவி அழுவார், நான் அழமாட்டேன் என்று நம்பினாய்.

நோயாளி என்ன காண்கிறார், எப்படி உணர்கிறார் என்று எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள் என்றார் மருத்துவர். தன் தரப்புச் சாட்சிக்கு விடையை ஊட்டும் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் அதை அங்கே கடைப்பிடிப்பது எளிதாக இல்லை. என் கவுன் துணி உன் கண்மேல் இருந்தது. மருந்து ஏற ஏற உன் கை என் மணிக்கட்டை நெரித்தது. ‘பயமா இருக்கா?’ என்ற கேள்வி என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கேள்வியே பயத்தை உன் வாயில் வைக்கும் என்று தோன்ற, விழுங்கினேன். சற்றுப்பொறுத்து உன் பிடி தளர்ந்தது, விடவில்லை.

“இருட்டுதான் வக்கீலே.”

மணிக்கட்டை உன் பிடியிலேயே விட்டுவைத்தேன்.

“ஆனா விசாலமா கீது.”

அந்த வாரம் உன் வீட்டில் டியூப் லைட்டை அணைத்தார்கள். பயம் திரும்பி வந்தது; முன்னிலும் சிறிதாக வந்தது. இன்னொரு முறை போனோம். கடைசியில் ஒரு மதியம், அந்தத் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கிய நீ எழுந்திருக்கவில்லை. துணியும் உன்னோடு போயிற்று.

இன்றும் சிலர் அந்தக் காளானுக்கு வழி கேட்டு என்னிடம் வருகிறார்கள். கூடாது என்றே சொல்கிறேன். அதில் எனக்கு ஐயமில்லை. ஆராய்ச்சிக்கென்று சட்டம் விட்டிருக்கும் வாசலை மருத்துவர்கள் பட்டப்பகலில், உரிய அனுமதி கேட்டு, அகலமாகத் திறக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ‘கூடாது’ என்பதோடு எவரையும் அனுப்புவதில்லை. சுவராக இருப்பதற்கு நான் படிக்கவில்லை.

கவுனைத் தைக்கக் கொடுக்கப்போவதில்லை. நாளைக்கு நீதிமன்றத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். வழி கேட்டு எதிரே அமர்ந்தவர் பேச்சு வராமல் தவிக்கையில், எடுத்துக்கொடுக்க ஒரு கேள்வி என் நாவில் எழும்போதெல்லாம், உன் பிடி மணிக்கட்டில் இறுகுகிறது. வாயை மூடிக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவரே சொல்கிறார்.