கை பட்ட இடம்

என் வீட்டு மகாராணிக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. உன் முட்டிவலி தேவலையா? அம்மா சாப்பிடுகிறாளா?

நம் கடையில் பெயிண்ட் வாங்கும் ஓவியப் பெண்மணி, தான் வரைந்த படமொன்றை நேற்று காட்டினார். ஆளுமில்லை, மரமுமில்லை. சாம்பல் நிறத்தில் ஓரிடம் மட்டும் கறுத்திருந்தது.

“என்ன மேடம், அழுக்கா?”

சிரித்துவிட்டார். “எங்கம்மா தலை சாய்ச்சு சாய்ச்சே சுவர் இப்படிக் கறுத்துச்சு அண்ணே. அதைப் பார்த்துத்தான் வரையவே வந்தேன். பூசுவேன், கையால தேய்ப்பேன், மறுபடி பூசுவேன். ஆள் போனாலும் தொட்ட இடம் அவங்கள விடாது.”

அதன்பிறகு எனக்கு வியாபாரத்தில் மனமே ஓடவில்லை.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப்போவதாகச் சொன்னாயே, தாராளமாக அடி. சமையலறைக் கதவை மட்டும் விட்டுவிடு. தாழ்ப்பாளருகே உன் கை பட்டுக் கறுத்திருக்கிறதே, அதன்மேல் தூரிகை படக்கூடாது. அம்மா திட்டினால் என் பெயரைச் சொல். நான் வந்து அங்கே கை வைக்கவேண்டும்.

கடைக்கு ஆள் வந்தாயிற்று.

உன்னவன்