பலகை நேரமும் என் கலண்டர் நேரமும்

மாசி 12, புதன்கிழமை.

பஸ் நேரப் பலகையில் ஏழரை என்று எழுதியிருக்கும், வவுனியா போகும் ஒரே பஸ், ஆமிச் சென்றிக் காவலரணில் எல்லாரையும் இறக்கிச் சோதித்த பிறகு ஒன்பதுக்குத்தான் எங்கள் பாலையூற்றுச் சந்திக்கு வரும். ஒரு வருடமாக அதைக் கலண்டரில் குறித்து வருகிறேன். அயலில் எல்லாரும் நேரத்தை என்னிடம்தான் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டு மலரும் கேட்டாள். அவளுடைய மகனை வவுனியாவில் தடுத்து வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள்தான் பார்க்க விடுவார்கள். அது இன்று. "எட்டரைக்குப் போனால் காணும், பஸ்ஸைப் பிடிக்கலாம்" என்று சொல்லி, துணைக்கு நானும் போனேன்.

சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் காக்கா சொன்னார்: "ஆச்சி, இண்டைக்குச் சென்றியில மறிக்கேல்ல. பஸ் அப்பவே போயிட்டுது."

"உமக்கென்ன தெரியும்? நான் எழுதி வைச்சிருக்கிறன்."

அவர் சிரித்துவிட்டு, வவுனியாவுக்கு மீன் ஏற்றிப்போன லொறி ஒன்றை மறித்துக் கொடுத்தார். மலர் ஏறப் போனாள்.

"மீன் நாத்தத்தோடயோ பிள்ளையைப் பார்க்கப் போறாய்? பஸ் வரும், நில்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

பஸ் போய்விட்டதென்று அப்போதே எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு வழக்கமாக நிற்கும் சனம் ஒன்றும் சந்தியில் இல்லை. காக்கா சொன்னதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

மத்தியானம் வரை நின்றோம்; பஸ் வரவில்லை. மலர் ஒரு சொல்லும் ஏசவில்லை. வீட்டுக்கு வந்ததும், மகனுக்கென்று விடியவே அவித்த இடியப்பப் பார்சலை என்னிடம் நீட்டினாள்.

"மாமி, நீங்களும் என்னோட பசி கிடந்தனீங்கள். பழுதாப் போயிடும், சாப்பிடுங்கோ."

வாங்கிப் பிரித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க முழுவதையும் சாப்பிட்டேன்.