"இருக்கட்டுங்க" என்ற சொல்லை மறுப்பாகப் பதிவுசெய்தது குறித்து

அனுப்புநர்:
செகிகுச்சி மசாயோ,
ஆற்றோரத் தெரு, தோரிசே நகரம்.

பெறுநர்:
மேயர் அவர்கள்,
தோரிசே நகராட்சி.

பொருள்: நகராட்சி மருத்துவமனையில் நோயாளியிடம் இரண்டாம் முறை கேட்க அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஏப்ரலில் நம் மருத்துவமனையின் பணிவு மேம்பாட்டுக் குழு, நான்கு அமர்வுகள் கூடி ஆராய்ந்து, நோயாளியிடம் ஒரே கேள்வியை இருமுறை கேட்கலாகாது என்னும் முடிவை எட்டியது. மறுபடி கேட்பது அவரது முதல் பதிலை அவமதிப்பதாகும் என்பது குழுவின் கருத்து. குழுவினர் எழுவரும் தலைவணங்கி நிற்கும் படம் நகராட்சிச் செய்திமடலின் முதல் பக்கத்தில் வெளியானது. நானும் படித்து மகிழ்ந்தேன்.

2. செப்டம்பர் 27 முற்பகல், பைன் மரம் கத்தரித்துக்கொண்டிருந்த என் கணவர் செகிகுச்சி தத்சுரோவுக்கு (வயது 61) மாரடைப்பு வந்தது. ஆம்புலன்ஸ் பதினொரு நிமிடத்தில் வந்தது. அதில் குறையேதும் இல்லை.

3. மருத்துவர் நுகாகா மணிக்கட்டு வழியே குழாய் செலுத்தி, அடைபட்ட இதயத் தமனியைத் திறந்தார். உள்ளே பெரிய ரத்தக்கட்டி இருந்தது. எல்லோருக்கும் கட்டியை உறிஞ்சி எடுப்பதில்லை என்றும், இவருக்கு எடுப்பதே நல்லது எனக் கருதியதாகவும் அவரே பின்னர் என்னிடம் கூறினார். கணவர் விழிப்புடன் இருந்தார். பேசியது சிகிச்சைக் குறிப்பில் உள்ளபடி:

"செகிகுச்சி ஐயா, கட்டி பெருசா இருக்குங்க. உறிஞ்சி எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டுங்க."

4. இச்சொல் 'அப்படியே ஆகட்டும்' என்ற ஏற்பும் ஆகும், 'வேண்டாம், விடுங்கள்' என்ற மறுப்பும் ஆகும் என்பதை ஜப்பானியர் எவரும் அறிவர். இன்னொரு கிண்ணம் சோறு வேண்டுமா என்று நான் கேட்டால், முப்பத்து நான்கு ஆண்டுகளாக என் கணவரின் பதில் இதுவே. கிண்ணத்தை நீட்டினால் வேண்டும். கையால் மூடினால் வேண்டாம். அன்று அவரது வலக்கை பலகையில் கட்டப்பட்டிருந்தது. இடக்கை விரிப்புக்கு அடியில் இருந்தது.

5. மருத்துவருக்கும் ஐயம் எழுந்திருக்கிறது. மறுபடி கேட்க வாயெடுத்தவருக்குச் செவிலியர் சுவரிலிருந்த விதியைக் காட்டினார். "நோயாளி மறுத்தார்" என்று எழுதி, கட்டியை எடுக்காமலே ஸ்டென்ட் வைத்தனர். கட்டி நொறுங்கி இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிட்டதாக மருத்துவர் கூறுகிறார். இதயத்தின் முன்சுவரில் ஒரு பகுதி இப்போது அசைவதில்லை. மரம் கத்தரிக்க ஏறும் ஏணியின் மூன்றாம் படியில் என் கணவர் நின்றுவிடுகிறார். மூச்சு வாங்குவதாகச் சொல்வதில்லை. மரத்தைப் பார்ப்பதாகச் சொல்கிறார்.

6. நான் கடிந்துகொண்டபோது அவர் சொன்னது: "அத்தனை பேர் எனக்காக நின்னுட்டிருக்காங்க. நான் படுத்துக்கிட்டே 'எடு'ன்னு அதிகாரம் பண்ணணுமா?"

"எடுங்க" என்று சொல்ல அவரைத் தினமும் பழக்கி வருகிறேன். நேற்று, குளிக்க வெந்நீர் நிரப்பட்டுமா என்றேன். இருக்கட்டும் என்றார். அவரைத் திருத்துவதைவிட விதியைத் திருத்துவது எளிது என்ற நம்பிக்கையில் தங்களிடம் வந்துள்ளேன்.

7. இன்னொரு தமனியும் சுருங்கியுள்ளது. அதே மருத்துவமனையில் நவம்பர் 19 அன்று அவருக்கு மீண்டும் சிகிச்சை. அதற்குள் "மறுத்தார்" என்ற பதிவை நீக்கி, ஐயம் எழுந்தால் மருத்துவர் இன்னொரு முறை கேட்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மருத்துவமனை அலுவலகத்தில் ஏற்கெனவே முறையிட்டேன். விதியைக் குழு மட்டுமே மாற்ற இயலும் என்றனர். குழுவின் அடுத்த அமர்வு டிசம்பர் 4 அன்று.

இடம்: தோரிசே
நாள்: நவம்பர் 8

செகிகுச்சி மசாயோ
(முத்திரை)