பக்ஹார்ன் ஆற்றில் என் சட்டம்

செப்டம்பர் 8, ஞாயிறு

எனக்கு விடுமுறை. மைத்துனன் ராஸ்கோவுடன் ஆற்றில் கயாக் படகு விட்டேன். வெக்கை தாங்காமல் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் காலடியில் போட்டிருந்தேன். வளைவுக் கரையில் டெல்ஃபியா கோகர் நின்றாள். நான் தலைமை ரேஞ்சராக இருக்கும் பூங்காவில் ரேஞ்சராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான். கையசைத்துக் கரைக்குக் கூப்பிட்டாள்.

“சார், இந்தப் பகுதியில கழட்டக் கூடாது. அபராதச் சீட்டு எழுதணும்.”

“யாருக்கு எழுதுறன்னு தெரியுதா?”

“தெரியுது சார்.” எழுதினாள்.

ராஸ்கோ சிரித்துவிட்டான். எனக்கு அது பொறுக்கவில்லை. சீட்டைப் பிடுங்கிக் கிழித்தேன். “இருபத்திரண்டு வருஷமா இந்த ஆத்துல சட்டமே நான்தாம்மா!”

செப்டம்பர் 10

காபிக் கடையில் ராஸ்கோ இதைக் கதையாக அளந்தான். நானும் சேர்ந்து சிரித்தேன் — ஏன் சிரித்தேன்? திரும்பினால் வரிசையில் டெல்ஃபியா, சீருடையில். “குட் மார்னிங் சார்” என்றாள்.

செப்டம்பர் 11

அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ரோந்து நேரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 14, சனி

அணை திறந்த நாள். தண்ணீர் சீறிக்கொண்டு போகிறது. பல வருஷமாக இங்கே படகு விடும் வெண்டல் போலிங் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கயாக்கை இறக்கினான். டெல்ஃபியா மறித்தாள்; நானும் சீருடையில் பக்கத்தில்தான் நின்றேன்.

“உங்க பெரியவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? ஊரே சிரிக்குது, போ பொண்ணே!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்த முகத்தோடு சொல்வேன்?

“விடும்மா, பழைய ஆளு” என்றேன்.

இரண்டாவது பாறை இடுக்கில் வெண்டல் கவிழ்ந்தான். கரையோரம் ஓடி, நீரில் பாய்ந்து, நான்தான் இழுத்துப் போட்டேன். மூச்சு இருக்கிறது. நினைவு இல்லை.

செப்டம்பர் 17

பத்திரிகையில் என் படம். உயிர் காத்த ரேஞ்சராம். ஆஸ்பத்திரியில் வெண்டலின் மனைவி ஓனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க மட்டும் இல்லேன்னா…”

நான் மட்டும் இல்லையென்றால் அவன் ஆற்றில் இறங்கியே இருக்க மாட்டானே. சொல்லவில்லை. கையைக்கூட உருவிக்கொள்ளவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா?

செப்டம்பர் 19

விபத்து பற்றிய டெல்ஃபியாவின் அறிக்கையைப் படித்தேன். ‘விடும்மா’ என்று நான் சொன்னது அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“அது நீங்க எழுத வேண்டியது சார். நான் எழுதினாத்தான் கிழிச்சிடுவீங்களே.”

செப்டம்பர் 20

மேலிடத்துக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. பிறகு ஓனா வீட்டு வாசலில் நின்று அவளிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

அக்டோபர் 5, சனி

வெண்டல் எழுந்து உட்கார்கிறானாம். ஓனாவின் பெயர் சில நாள் ஞாபகம் வருகிறது, சில நாள் இல்லையாம்.

என்னை ஆற்றுப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பூங்கா வாசலில் கார்களுக்கு இடம் காட்டுகிறேன். இன்று கயாக் ஏற்றி வந்த ஒருவன் கண்ணாடியை இறக்கிக் கேட்டான்: “ஆத்துல யாரு பெரியவரு? கொஞ்சம் அனுசரிச்சுப் போவாரா?”

“ரேஞ்சர் கோகர்” என்றேன். “போக மாட்டாங்க. அவங்க சொல்றதக் கேளுங்க.”