மறுபடியும் கூப்பிடுங்க

ஜூலை 1, செவ்வாய்

பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வந்தேன். அங்கே சிறுதொழில் செய்பவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதெல்லாம் ஒரு தொழிலா என்று தயங்கித்தான் படியேறினேன். எனக்கு ஆலோசகராக வந்த ஜெரால்டினுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "தொழில் இல்லாம வேற என்ன ஆன்டி?" என்றாள். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நாத்தனார் ஹுமைரா, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் எனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கேன்டீன் வேண்டாம். பச்சை உடம்புக்காரிகளும் அவர்களுடைய குட்டிகளும்தான் வேண்டும். ஆனால் மாதம் முழுக்க வேலை கிடைக்க வேண்டுமே.

ஜூலை 8, செவ்வாய்

'முத்து பீவி' என்று என் பெயர் போட்டு அட்டை அடித்தாயிற்று! ஒருமுறை வந்த வாடிக்கையாளரை விடக்கூடாதாம். கிளம்பும்போது சிரித்த முகமாக, "மறுபடியும் கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டுமாம், ஜெரால்டின் சொல்கிறாள். என் வீட்டுக்காரர் யாசின் மச்சானை வாசலில் நிறுத்தி ஒத்திகை பார்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சட்டையில் சிந்தியது. கிறுக்கு மனுஷன்.

ஜூலை 12, சனி

சொதப்பிவிட்டேன்.

கிள்ளானில் சந்திரகலா வீட்டில் இன்று கடைசி நாள். அவளுக்கு மூன்றாவதும் பெண். வெந்நீர், சாம்பிராணி எல்லாம் முடித்து, வாசலில் அட்டையைக் கொடுத்து, "மறுபடியும் சீக்கிரம் கூப்பிடுங்கம்மா" என்றேன். 'சீக்கிரம்' நானாகச் சேர்த்தது!

அவள் மாமியார் இராஜம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க வாய் முகூர்த்தம், அடுத்தது பையனாப் பொறக்கட்டும்!"

சந்திரகலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் வாய்ல என்னத்த வைக்கிறது? மூணு போதும், உடம்பு தாங்கல ஆன்டின்னு அந்தப் பொண்ணு இத்தனை நாளா என்கிட்டதானே அழுதுச்சு? நானே போயி —

ஜூலை 13, ஞாயிறு

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஜெரால்டினிடம் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதவைச் சாத்தியதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"சாரி ஆன்டி. பாவ் பலகாரம் விக்கிற கடைக்காரருக்குச் சொல்றத உங்களுக்கும் அப்படியே சொல்லிட்டேன். தப்பு என்னோடதுலா." பிறகு கேட்டாள்: "நீங்க வேலைய முடிச்சுட்டு வந்த பிறகு அந்த வீட்டுக்கு யாரு வராங்க?"

"பிள்ளையப் பார்க்க எல்லாரும் வருவாங்க."

"அம்மாவப் பார்க்க?"

எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப நீங்க போங்க ஆன்டி. மாசத்துக்கு ஒரு தடவ. பிள்ளைக்கு இல்ல, அம்மாவுக்கு."

இதற்கெல்லாம் யாராவது கூப்பிடுவார்களா? எதற்கும் கேட்டுப் பாருங்கள் என்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

சந்திரகலாவைப் பார்க்கப் போனேன். அட்டையை எடுத்துப் போகவில்லை. "எனக்குப் பேசத் தெரியலம்மா, அடுத்த பிள்ளைக்காகச் சொல்லல. பிள்ளை இல்லாமலும் என்னைக் கூப்பிடலாம். முதுகு பிடிச்சுவிட, எண்ணெய் தேய்க்க. உனக்காக." தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பாவம்.

ஜூலை 26, சனி

யாரும் கூப்பிடவில்லை. ஹுமைரா கேன்டீன் சட்டைக்கு அளவு கேட்டார். மச்சான், "உனக்குப் புடிச்சதச் செய் பீவி, நான் லோரி ஓட்டுறேன்ல" என்றார். இந்த மனுஷனை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம்.

ஜூலை 31, வியாழன்

காலையில் சந்திரகலாவின் போன். "ஆன்டி, மறுபடியும் வாங்க. எனக்கு."

போனேன். எண்ணெய் தேய்க்கும்போதே தூங்கிப்போனாள். எழுந்ததும், அவளோடு ஆபீஸில் இருக்கும் பெண்கள் இரண்டு பேருக்கு என் நம்பரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். கிளம்பும்போது, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இராஜம்மா வாசல்வரை வந்தார். "முட்டி ரெண்டும் வலிக்குது. அடுத்த மாசம் வரும்போது எனக்கும் கொஞ்சம்..."

"அத்தையும் கூப்பிடுறாங்களா?" உள்ளேயிருந்து சந்திரகலாவின் குரல். "உங்க வாய் முகூர்த்தம் ஆன்டி, பையனாப் பொறக்கட்டும்!"

இராஜம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

பஸ் ஏறியதும் ஹுமைராவுக்குப் போன் போட்டு, சட்டை தைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.