ஒற்றுமைப் புத்தகம், நாலாம் தடவை

ஜோமோள் அப்பாவுக்கு,

மகளையும் மருமகனையும் கூட்டிவரக் குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். மீன்குழம்பு இறக்கியாயிற்று, சோறு மட்டும் பத்தரைக்கு வையுங்கள்.

சபைகளின் ஒற்றுமை பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டீர்கள். நேற்று நாம் பேசியது இன்னும் காதில் கேட்கிறது.

"எல்லாச் சபையும் ஒண்ணுன்னுதான போட்டிருக்கு?"

"ஆமா, அருமையா எழுதியிருக்காரு."

"அப்போ பெந்தெகொஸ்து சபை மருமகன் உள்ள வரலாம்லா?"

"நகை ஆகாதுன்னு மகளோட கம்மலைக் கழட்ட வச்சவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"கம்மல் போடணும்னு புத்தகத்துல இருக்கா?"

"இல்ல. அதுக்குத்தான் மறுபடியும் படிக்கேன்."

கதவு திறந்திருந்தால் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடலாம். பூட்டியிருந்தால் நாங்கள் மூவரும் கம்பம் ஊரில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவோம்.

செபமாலை

பின்குறிப்பு: என் கம்மலையும் கழற்றிப் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறேன். இனி என்னையும் உள்ளே விடலாமா என்று யோசியுங்கள்.